பூஞ்சை இடம் மாறிய குளிர்காலம்

எங்கள் வீட்டின் வெளிச்சுவருக்கு வெப்பக் காப்பு போட்டு முடித்த முதல் குளிர்காலத்தில் கரும்பூஞ்சை ஒழியவில்லை, இடம் மாறியது. அதற்கு முன் பதினோரு ஆண்டுகளாக அது மகளின் அறையில், அலமாரிக்குப் பின்னால், சுவரும் உட்கூரையும் சேரும் மூலையில் குடியிருந்தது. மருந்து அடித்துத் துடைப்போம், வண்ணம் பூசுவோம், மூன்று மாதத்தில் மறுபடியும் வந்து நிற்கும். காப்புப் பலகைகள் ஏறியபின் அந்த மூலை உலர்ந்து சுத்தமாகிவிட்டது. ஆனால் ஜனவரியில் ஒரு காலை திரையை விலக்கியபோது, சன்னல் சட்டத்தை ஒட்டி, இரண்டு விரல் அகலத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு ஓடியிருந்தது. அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் அவ்வளவு நேராக இருந்தது. பூஞ்சை நேர்கோட்டில் வளர்ந்தால் அதற்குக் கட்டடத்தில்தான் காரணம் இருக்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நாங்கள் இங்கிலாந்தில், குறைந்த வாடகைக்கு வீடு தரும் ஹவுசிங் அசோசியேஷன் என்ற வீட்டு நிறுவனத்தின் வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்த காலத்தில் கவுன்சில்கள் எனும் உள்ளாட்சி மன்றங்களுக்காக வேகவேகமாகக் கட்டப்பட்ட ‘நோ-ஃபைன்ஸ்’ கான்கிரீட் வீடு அது. மணல் சேர்க்காமல், சரளையையும் சிமென்டையும் மட்டும் கலந்து, அச்சுப் பலகைகளுக்கு நடுவே கொட்டி எழுப்பிய சுவர். செங்கல் வீடுகளில் இரண்டு சுவர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி இதில் கிடையாது. ஆகவே துளை போட்டுப் பஞ்சை ஊதி நிரப்பும் மலிவான வழியும் இதற்குப் பொருந்தாது. வெளியே போர்வை போர்த்துவதுபோல் பலகை ஒட்டி, வலை பதித்து, மேலே பூச்சுப் பூச வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஒட்டி அறையைக் குறுக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு முதல் வழி கிடைத்தது. சாரம் கட்டி, ஆறு வாரம் தெருவையே தூசியாக்கி, 90 மில்லிமீட்டர் கனமுள்ள பலகைகளைப் போர்த்தினார்கள். வேலை முடிந்தபோது தெரு புதுத் தெருவைப்போல் பளிச்சென்று இருந்தது. எல்லோரும் படம் எடுத்து அனுப்பினோம்.

சன்னல் ஓரத்துக் கோட்டின் கதையை எனக்குச் சொன்னவர், வெப்பப் படம் எடுக்கும் கையடக்கக் கேமராவோடு வந்த ஒரு மதிப்பீட்டாளர். திரையில் சுவர் முழுவதும் மஞ்சளாகத் தெரிந்தது. சன்னலைச் சுற்றி மட்டும் ஓர் ஊதா நாடா. “பலகையைச் சுவரின் முகத்தோடு நிறுத்திவிட்டார்கள், சன்னல் பக்கம் மடிக்கவில்லை” என்றார். வெளிச்சுவரின் முகத்திலிருந்து சன்னல் சட்டம் நான்கு விரல் உள்ளே தள்ளி இருக்கும். அந்த நான்கு விரல் ஓரத்துக்கும் மெல்லிய காப்புப் பலகை ஒட்ட வேண்டும். எங்கள் சட்டம் ஒல்லியானது, பலகை ஒட்டினால் சட்டத்தை மறைக்கும் என்று அந்த இடத்தை வெறும் பூச்சோடு விட்டுவிட்டார்கள். முன்பு சுவர் முழுவதும் குளிர்ந்திருந்தபோது காற்றின் ஈரம் எங்கும் பரவலாகப் படிந்தது. இப்போது வீட்டிலேயே குளிர்ந்த இடம் அந்த நாடாதான்; ஈரம் அத்தனையும் அதைத் தேடிப் போனது. பூஞ்சைக்குச் சொட்டச் சொட்டத் தண்ணீர் தேவையில்லை. சுவரின் மேற்பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 80 சதவீதத்தில் நீடித்தாலே அதற்குப் போதும்.

இதை நான் இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்களுடையதுபோன்ற சமூக வீடுகளை மேம்படுத்துவது பற்றிப் பேசும்போது எத்தனை வீடுகளுக்குக் காப்பு போட்டாயிற்று, எத்தனை எரிவாயு பாய்லர்களைக் கழற்றியாயிற்று என்ற கணக்குத்தான் மேலே வருகிறது. வீட்டுக்குள் இருந்து பார்த்தால் கணக்கு அந்த நான்கு விரல் ஓரத்தில்தான் இருக்கிறது. சொந்த வீட்டுக்காரர் தம் காசில் வேலை செய்வித்திருந்தால், கடைசித் தவணையைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்த ஓரத்தைச் செய்துவிட்டுப் போ என்று சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் பணம் கொடுத்தது அரசும் வீட்டு நிறுவனமும். வேலையை ஒப்பந்தக்காரர் எடுத்து, துணை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தார். அங்கே வாழ்வது நாங்கள். பணம் கொடுப்பவர் அந்தச் சன்னலருகே உறங்குவதில்லை, உறங்குபவரின் கையில் தவணை இல்லை. இந்த இடைவெளியை எந்தப் பலகையாலும் அடைக்க முடியாது என்பதுதான் மூன்று குளிர்காலங்களில் நான் கண்டது.

இந்த இடைவெளி எங்கள் தெருவில் மட்டும் இருப்பதல்ல. பிரெஸ்டன் நகரின் ஃபிஷ்விக் பகுதியில் 2013 வாக்கில் அரசுத் திட்டம் ஒன்றின் கீழ் வெளிச்சுவர்க் காப்பு போட்டபோது, முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளில் வேலை அரைகுறையாகவும் மோசமாகவும் முடிந்து, மழைநீர் காப்புக்குப் பின்னால் இறங்கி, சுவர்கள் ஊறிப்போயின. அதிலிருந்து நாடு கற்றுக்கொண்டதாகச் சொல்லித்தான் ‘பாஸ் 2035’ என்ற தர விதிகள் 2019-இல் வந்தன: மதிப்பிடுபவர், வடிவமைப்பவர், ஒருங்கிணைப்பவர், முடிந்தபின் சரிபார்ப்பவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள் பொறுப்பு. அந்த விதிகள் வந்த பின்னரும், 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, மின்சார-எரிவாயு நிறுவனங்கள் வழியாக நடந்த காப்புத் திட்டங்களில் வெளிச்சுவர்க் காப்பு பெற்ற வீடுகளில் 98 சதவீதம் திருத்தம் தேவைப்படும் நிலையில் இருப்பதாக மதிப்பிட்டது. உட்சுவர்க் காப்பில் அது 29 சதவீதம். எங்கள் வீட்டு வேலை வேறு நிதியில் நடந்தது. ஆனாலும் அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. வெளிச்சுவர்க் காப்பில் தவறு நேரக்கூடிய இடங்கள் அத்தனை: சன்னல் ஓரம், வடிகுழாய் பிடித்திருக்கும் இடம், எரிவாயு மீட்டர்ப் பெட்டி, கூரை விளிம்பு, தரையை ஒட்டிய கடைசி அடி.

இந்தப் பேச்சில் கிரென்ஃபெல் டவரைச் சொல்லாமல் கடக்க என்னால் முடியாது. லண்டனில் இருந்த அந்தக் கவுன்சில் அடுக்குமாடிக்கு 2016-இல் முடிந்த புதுப்பிப்பும் காப்பு, வெப்ப வசதி ஆகியவற்றை மேம்படுத்தும் வேலைதான். அடுத்த ஆண்டு ஜூன் 14 அன்று அங்கே மூண்ட தீயில் 72 பேர் உயிரிழந்தார்கள். தீ அவ்வளவு வேகமாக ஏறியதற்கு முதன்மைக் காரணம், வெளியே ஒட்டிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருந்த பாலிஎத்திலீன்; அதற்குப் பின்னால் இருந்த காப்புப் பலகையும் எரியக்கூடியதே. 2018 டிசம்பரிலிருந்து 18 மீட்டருக்கு மேல் உயரமுள்ள குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருள்களுக்குத் தடை இருக்கிறது. எங்களுடையது இரண்டு மாடி வீடுதான். ஆயினும் எங்கள் தெருவில் நடந்த முதல் கூட்டத்தில், பலகை எதனால் ஆனது என்பதுதான் முதல் கேள்வியாக வந்தது. கேட்டவர் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து மாறி வந்தவர். எரியாத கனிமக் கம்பளி என்று பதில் வந்தபின்தான் அவர் உட்கார்ந்தார்.

சுவரை மூடினால் காற்றுக்கு வழி வேண்டும். பழைய வீடு தன் ஓட்டை உடைசல்கள் வழியே தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் அது குளிர்ந்தது, அதனால்தான் ஓரளவு உலர்ந்தும் இருந்தது. சமைக்கிறோம், குளிக்கிறோம், துணி உலர்த்துகிறோம், நான்கு பேர் இரவு முழுவதும் மூச்சு விடுகிறோம். இந்த நீராவிக்குப் போக்கிடம் வேண்டும். விதிப்படி எங்களுக்குக் குளியலறையிலும் அடுக்களையிலும் நாள் முழுவதும் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும் விசிறிகள் வைத்தார்கள். சன்னல் சட்டத்தின் மேல் சிறு காற்றுத் துவாரங்களையும் திறந்தார்கள். கதவுகளின் அடியைச் சற்று அறுத்துவிட்டார்கள், காற்று அறைக்கு அறை போகட்டும் என்று. ஏன் அறுக்கிறார்கள் என்று யாரும் சொல்லாததால், தெருவில் பாதிப் பேர் கதவடியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்து அடைத்தார்கள். மீதிப் பேர் விசிறியை நிறுத்தினார்கள். நாங்கள் இரண்டையும் செய்தோம். உட்கூரையை ஒட்டி இருக்கும் சிறு விசையைத் தட்டினால் விசிறி நின்றுவிடும். அந்த ஓயாத முனகல் மின்சாரத்தைத் தின்கிறது என்று நினைத்தோம். அது ஒரு நாளில் எடுக்கும் மின்சாரம் கெட்டிலை ஒரு முறை கொதிக்கவிடும் அளவுதான் என்று பின்னர் தெரிந்தது.

ஆகவே கறுப்புக் கோட்டில் எங்கள் பங்கும் உண்டு. இதை ஒப்புக்கொள்ளும்போதே எனக்கு ஒரு தயக்கம் வருகிறது. ஏனென்றால் இந்த நாட்டில் ஈரமும் பூஞ்சையும் பற்றிப் புகார் செய்த வாடகையாளர்களுக்குக் காலங்காலமாகக் கிடைத்த பதில், உங்கள் வாழ்க்கைமுறை அப்படி, சன்னலைத் திறவுங்கள், உள்ளே துணி உலர்த்தாதீர்கள் என்பதுதான். அந்தப் பழி போடும் பழக்கத்தை விட வேண்டும் என்று வாடகையாளர் புகார்களை விசாரிக்கும் ஹவுசிங் ஆம்புட்ஸ்மன் 2021-இல் கடுமையாகவே எழுதினார். அதற்கு முந்தைய டிசம்பரில்தான், ராச்டேலில் ஒரு ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில் பூஞ்சையை நீண்ட நாள் சுவாசித்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்திருந்தது. அந்தப் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது: உயிருக்கு ஆபத்தான குறையென்றால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை, கடுமையான ஈரம், பூஞ்சை என்றால் 10 வேலை நாளுக்குள் ஆய்வு, ஆபத்து உறுதியானால் அதற்கடுத்த 5 வேலை நாளுக்குள் பாதுகாப்பாக்குதல். எங்கள் சன்னலுக்கு ஆள் வர இந்தச் சட்டத்தின் பெயரை மின்னஞ்சலில் ஒரு முறை எழுதியது போதுமாக இருந்தது. முந்தைய பதினோரு ஆண்டுகளில் அப்படி எழுத எங்களிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

இனி ஹீட் பம்ப். பாய்லரைக் கழற்றிவிட்டு, பின்புறச் சுவரோரம் ஒரு பெட்டியை வைத்தார்கள்; மாடியில் துணி வைக்கும் அலமாரி இருந்த இடத்தைச் சுடுநீர்த் தொட்டி எடுத்துக்கொண்டது. சிறு வீட்டில் ஓர் அலமாரி போவது சிறிய இழப்பல்ல. எந்தக் கையேட்டிலும் அது செலவாக எழுதப்படுவதில்லை. கருவி செய்வது என்னவென்றால், வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இறைத்து உள்ளே ஏற்றுவது. கிணற்றிலிருந்து நீர் இறைப்பதைப் போலத்தான்: நீர்மட்டத்துக்கும் தொட்டிக்கும் இடையே உயரம் குறைவாக இருந்தால் இறைக்கும் உழைப்பும் குறைவு. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் நீரை 40 டிகிரியில் வைத்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். பழைய பாய்லரைப் போல் 65, 70 டிகிரி கேட்டால் அந்த ஆதாயம் கரைந்துவிடும். குறைந்த சூட்டு நீரால் வீடு வெதுவெதுப்பாக வேண்டுமென்றால் சுவர் வெப்பத்தை விடாமல் இருக்க வேண்டும், ரேடியேட்டர் பெரிதாக இருக்க வேண்டும். சுவரை முதலில் பார், கருவியைப் பிறகு பார் என்று இத்துறையில் ஓயாமல் சொல்வதன் பொருள் இதுதான்.

இங்கே இந்த ஆதாயம் ஆடம்பரமான விஷயமல்ல. பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் எரிவாயுவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விலைக்கு விற்றுவந்திருக்கிறது. அந்த விகிதத்தில், நல்ல பாய்லரோடு ஒப்பிட்டால், ஹீட் பம்ப் ஒன்றுக்கு மூன்றரை அளவில் வேலை செய்தால்தான் செலவு சமமாகும். இரண்டரையில் ஓடினால் வாடகையாளர் ஏழையாவார். காற்றுக்குக் கெடுதல் குறைந்தது உண்மை. அந்த நன்மைக்கான விலையை, முன்பணம் கட்டும் மீட்டரில் பத்துப் பத்துப் பவுண்டாக டாப்-அப் செய்கிறவரிடம் வசூலிப்பது நியாயமாகாது. ஆகவே எந்த வெப்பநிலையில் கருவியை அமைத்துவிட்டுப் போகிறார்கள் என்பது வீட்டுச் செலவுக் கணக்கு. எங்கள் வீட்டில் 55 டிகிரியில் அமைத்துவிட்டுப் போனார்கள். குளிர்கிறது என்று யாரும் தொலைபேசியில் கூப்பிடக் கூடாது என்பதற்காக அப்படி வைப்பது அவர்களுக்கு வசதி.

எங்கள் பங்குக்கு நாங்கள், பாய்லர்க் காலத்துப் பழக்கத்தில், காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் போட்டோம். கருவி ஒவ்வொரு முறையும் குளிர்ந்து கிடக்கும் வீட்டை முழு மூச்சில் இழுக்க வேண்டியிருந்தது. ரேடியேட்டரைத் தொட்டால் சுடவில்லை என்பதால் இன்னும் கூட்டினோம். முதல் இரண்டு மாதச் செலவு பழைய எரிவாயுச் செலவைத் தாண்டியது. வீட்டில் எல்லோரும், திருப்பித் தந்துவிடலாமா என்று பேசிக்கொண்டோம், தருவதற்கு அது எங்கள் பொருள் என்பதுபோல.

இதே காலத்தில்தான் மூன்று வீடு தள்ளி இருக்கும் அம்மா ஒருவர் உறைபனிக் காலையில் கதவைத் தட்டினார். “தம்பி, பின்பக்கத்துப் பெட்டிக்குள்ள இருந்து புகை வருது, ஒருக்கா வந்து பாருங்கோ.” போய்ப் பார்த்தேன். பெட்டியைச் சுற்றி வெண்ணிறமாக எழும்பிக்கொண்டிருந்தது, அடியில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஈரமான குளிரில் வெளிப்பெட்டியின் தகடுகளில் பனி படியும். அதை உருக்கக் கருவி சில நிமிடம் தன் ஓட்டத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போது எழுவது நீராவி. “பயப்படாதேங்கோ அம்மா, பனி உருகுது, அவ்வளவுதான்” என்றேன். அவர் நம்பவில்லை, அதற்குள் தீயணைப்புக்குத் தொலைபேசி எடுக்கத் தயாராக இருந்தார். இத்தனைக்கும் அவர் கையில் 84 பக்கக் கையேடு ஒன்று இருந்தது. அதில் பனி உருக்குவது பற்றி ஒரு பத்தி இருக்கிறது, 61-ஆம் பக்கத்தில்.

எங்கள் செலவைக் கீழே கொண்டுவந்தது புதுக் கருவியோ கூடுதல் பலகையோ அல்ல. ஓர் ஆள் எங்கள் அடுக்களை மேசையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்ததுதான். வீட்டு நிறுவனம் பிறகு அனுப்பிய பொறியாளர் அவர். வெளிக்குளிருக்கு ஏற்ப நீரின் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பை இயக்கினார். கடும் குளிரில் 45, சாதாரண நாளில் 35-ஐ ஒட்டி என்று வைத்தார். அறைகளின் ரேடியேட்டர்களை முழுவதும் திறந்துவிடச் சொன்னார். “நிறுத்தாதீர்கள், ஓடட்டும், பகலுக்கும் இரவுக்கும் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வைக்காதீர்கள்” என்றார். தொட்டியை வாரம் ஒரு முறை 60 டிகிரிக்குச் சூடாக்குவது நீரில் கிருமி வளராதிருக்க என்று மகளிடம் விளக்கினார். அடுத்த மாதம் பழைய எரிவாயுச் செலவுக்குக் கீழே வந்தோம். அடுப்பையும் மின்சாரத்துக்கு மாற்றியபின் எரிவாயு மீட்டரையே எடுத்துவிட்டதால், அதற்கு நாள்தோறும் கட்டிவந்த ஸ்டாண்டிங் சார்ஜும் போயிற்று. வீடு இப்போது விடியற்காலையிலும் 19 டிகிரி இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் குளிர்கால வீடுகளுக்குச் சொல்லும் குறைந்த அளவு 18. முன்பு எங்கள் முன்னறையில் நான் பார்த்தது 14.

அந்த 14-ஐப் பற்றி ஒரு வார்த்தை. வேலை முடிந்தபின் எதிர்பார்த்த அளவு எரிபொருள் மிச்சமாகவில்லை என்று கணக்காளர்கள் குறைப்படுவதுண்டு. வீட்டை முழுவதும் சூடாக்கி வாழ்ந்தவர்களுக்குத்தானே அந்த மிச்சம் வரும்? கோட்டுப் போட்டுக்கொண்டு சோஃபாவில் உட்கார்ந்திருந்த குடும்பம் கோட்டைக் கழற்றினால், அதற்கு மிச்சக் கணக்கில் இடம் கிடையாது. ஆற்றல் தரச் சான்றிதழான இ.பி.சி.யும் இப்படி ஒரு காகிதக் கணக்குதான். சமூக வீடுகள் 2030-க்குள் ‘சி’ தரத்தை எட்ட வேண்டும் என்பதை வைத்தே இங்கே திட்டங்கள் ஓடுகின்றன. அந்தத் தரம் கணிக்கப்பட்ட எரிபொருள் செலவை வைத்துக் கணக்கிடப்படுவதால், எரிவாயுவிலிருந்து மின்சாரத்துக்கு மாறிய வீட்டுக்குப் பெரிதாக மதிப்பெண் ஏறாமலும் போகலாம்.

நன்றாகச் செய்த இடங்களும் இருக்கின்றன. போர்ட்ஸ்மவுத்தின் வில்ம்கோட் ஹவுஸ், 1968-இல் கட்டிய பதினொரு மாடிக் கவுன்சில் குடியிருப்பு. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் ஆட்கள் குடியிருக்கும்போதே, மிகக் குறைந்த ஆற்றலில் வீட்டை வெதுவெதுப்பாக வைக்கும் பாசிவ் ஹவுஸ் முறையின் புதுப்பிப்புத் தரத்துக்கு அதை உயர்த்தினார்கள். லண்டன் என்ஃபீல்டில் எட்டு அடுக்குமாடிகளின் 400 வீடுகளுக்கு, நிலத்தில் ஆழத் துளையிட்டுப் பொதுக் குழாய் இறக்கி, வீட்டுக்கு ஒரு சிறு ஹீட் பம்ப் என்று கொடுத்தார்கள். மின்சார ஹீட்டர்களோடு போராடியவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் எனக்கு அதிகம் பிடித்தது நெதர்லாந்தில் தொடங்கிய ‘எனர்ஜிஸ்ப்ரோங்’ முறை. தொழிற்சாலையில் அளவெடுத்துச் செய்த முழுச் சுவரைச் சன்னலோடு கொண்டுவந்து சில நாள்களில் பொருத்துவது அதன் வெளித்தோற்றம். அதன் உள்ளே இருக்கும் ஒப்பந்தம்தான் விஷயம்: வீடு இவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கும், இவ்வளவு ஆற்றல்தான் எடுக்கும் என்று செய்பவர் பல ஆண்டுகளுக்கு உத்தரவாதம் தருகிறார். 2017-இல் அது இங்கிலாந்தின் நாட்டிங்காமுக்கும் வந்தது. அப்படி ஓர் உத்தரவாதம் இருந்தால், சன்னல் ஓரத்தை மறந்த நட்டம் மறந்தவருக்கே. நெதர்லாந்தில், பெரிய குடியிருப்பில் இத்தகைய வேலைக்கு 70 சதவீத வாடகையாளர்கள் இசைந்தால்தான் முன்மொழிவு நியாயமானதாகக் கொள்ளப்படும் என்ற விதியும் இருக்கிறது. ஆகவே அங்கே கூட்டம் போட்டுக் காட்டவும் விளக்கவும் வேண்டிய கட்டாயம் வேலை தொடங்கும் முன்பே வந்துவிடுகிறது.

எங்கள் சன்னலைப் போன மார்ச்சில் சரிசெய்தார்கள். சாரம் இல்லாமல், ஏணியில் நின்று, 20 மில்லிமீட்டர் பலகையை ஓரத்தில் ஒட்டிப் பூசினார்கள். மூன்று சன்னல்களுக்கு ஒரு நாள் ஆனது. முதலிலேயே செய்திருந்தால் ஒரு மணி நேரம் கூட ஆகியிருக்காது என்று அந்தத் தொழிலாளியே சொன்னார். அதன்பின் கோடு திரும்பவில்லை. விசிறி ஓடுகிறது; கதவடித் துண்டை எடுத்துவிட்டோம்.

சென்ற வாரம் எதிர்ப்புறத் தெருவில் சாரம் கட்டத் தொடங்கினார்கள். வாடகையாளர் குழுவில் இப்போது நானும் ஒருவன் என்ற உரிமையில், சாமான் இறக்கிய இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். கனமான பலகைக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மெல்லிய பலகை கண்ணில் படவில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அவர் தம் தாள்களைப் புரட்டிவிட்டு, வரைபடத்தில் சன்னல் ஓரம் இருக்கிறது, பொருள் பட்டியலில் இல்லை என்றார். எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும்.